நாய்க்கடிக்கு ஸ்டான்லியா, தெருமுனை கிளினிக்கா?

தங்கச்சி பையனுக்கு கெண்டைக்கால்ல தெரு நாய் நல்லா பல்லு எறங்க கடிச்சிடுச்சு, அந்த அலைச்சல்ல ரெண்டு பக்கமும் பாத்துட்டதால வடசென்னைல ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆளுங்களுக்காக எழுதுறேன். நான் ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கட்சி, முன்னாடியே சொல்லிடுறேன்.

காசு, கூட்டம் எல்லாம் தெரிஞ்ச கதைதான். ஸ்டான்லில இலவசம், க்யூ நீளம். கிளினிக்ல சாயங்காலம் வேலை முடிஞ்சு போய் சட்டுனு போட்டுட்டு வந்துடலாம், ஒவ்வொரு தபாவும் மருந்துக்கு முன்னூறு நானூறு, அதுக்கு மேல டாக்டர் பீஸ்.

இத வச்சு முடிவு பண்ணாதீங்க. இம்யூனோகுளோபுலின் இருக்கா இல்லையா, அத மட்டும் கேளுங்க. கையில போடுற தடுப்பூசி உடம்புல எதிர்ப்பு சக்திய உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், ரேபிஸ் கிருமி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது, அந்த இடைவெளிக்குத்தான் ரெடிமேடா எதிர்ப்பு சக்தி இருக்குற இந்த இம்யூனோகுளோபுலின கடிச்ச காயத்துக்குள்ளயே ஏத்துறாங்க. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துட்டா இது கண்டிப்பா வேணும். முதல் நாளே போடணும், முடியாம போச்சுன்னா முதல் தடுப்பூசிலேர்ந்து 7 நாளுக்குள்ள, அதுக்கப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. நாங்க முதல்ல ஓடுன கிளினிக்ல தடுப்பூசி மட்டும்தான் இருந்துச்சு, அந்த டாக்டரம்மாவே "இங்க டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, ஸ்டான்லி போங்க"ன்னு அனுப்பிட்டாங்க, நல்ல மனசு. எல்லாரும் அப்படி சொல்லுவாங்களான்னு தெரியாது, கையில ஒண்ணு போட்டு அனுப்பிட்டா நம்மளும் வேலை முடிஞ்சுதுன்னு வந்துடுவோம்.

வெளிய வாங்கலாமேன்னு கேப்பீங்க. எடைக்கு ஏத்த அளவு, கிலோவுக்கு மனுஷ ரத்தத்துலேர்ந்து எடுக்குறது 20 யூனிட், குதிரையோடது 40. மனுஷ மருந்து பெரியவங்களுக்குன்னா ஆயிரக்கணக்குல போகும், வேணாம்னு விட்டுடுறவங்க இருக்காங்க. ஸ்டான்லில காசு பேச்சே இல்ல, ஒவ்வொரு பல்லு தடத்துலயும் சுத்தி சுத்தி ஊசிய எறக்குனாங்க, பையன் என் சட்டைய கிழிச்சிட்டான், வலி நெஜமாவே ஜாஸ்தி. தையல் போடல, கட்டு இறுக்கல. நாய் கடிச்ச காயத்த உடனே தச்சு மூட அவசரப்படுற எடமா இருந்தா கெளம்பி வந்துடுங்க.

அடுத்த ஊசிங்கள்ல கிளினிக்குக்கு கொஞ்சம் மார்க் குடுக்கலாம். கவர்மெண்ட்ல தோலுக்குள்ள போடுற முறை, ரெண்டு கையிலயும் கைக்கு 0.1 மில்லி, துவரம்பருப்பு மாதிரி ஒரு புடைப்பு வரும், நாள் 0, 3, 7, 28. கிளினிக்ல தசையில, 14ம் சேந்து அஞ்சு தபா. முதல் ஊசி போட்ட நாள்தான் 0, கடிச்ச நாள் இல்ல. ஏழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவுல அத்தன நாள் கேப்பு, காயம் ஆறிடும், அங்கதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க, போன்ல அலாரம் வைங்க. நடுவுல எடம் மாறணும்னா ஊசி போட்ட தேதி எழுதிக் குடுக்குற அட்டைய காட்டி அதே முறை இருக்கான்னு கேட்டுட்டு மாறுங்க, பக்கத்து மாநகராட்சி ஹெல்த் சென்டர்லயும் விசாரிக்கலாம்.

பெரிய தனியார் ஆஸ்பத்திரி பக்கம் நாங்க போகல, பில்லு எவ்ளோன்னு என்ன கேக்காதீங்க.

எங்க போனாலும் கெளம்புறதுக்கு முன்னாடி கொழாய தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, எங்க பக்கத்து வீட்டு ஆயா மாதிரி சுண்ணாம்ப எடுத்துக்கிட்டு வந்தா வாசல்லயே நிப்பாட்டுங்க. தொப்புள சுத்தி போடுற கதையெல்லாம் பழசு, அந்த ஊசிய இந்தியாவுல 2005லயே விட்டாச்சு.

அப்புறம் அந்த அட்டைய தூக்கி போட்டுடாதீங்க. முழு கோர்ஸ் முடிச்சவங்கள திரும்ப நாய் கடிச்சா 0, 3 ரெண்டு நாள் ஊசி போதும், காயத்துல குத்துறது வேணாம். ஆனா போட்டதுக்கு அத்தாட்சி கேப்பாங்க, எங்க தெருவுல இருக்குற நாய்ங்கள பாத்தா எனக்கே அது வேண்டியிருக்கும் போல.