பிரிண்ட் முழுக்கப் பச்சை, வண்டி மட்டும் இழுத்தது: ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு வருட அலைன்மென்ட் அனுபவம்

பின் இடது டயரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தபோதுதான் உள்விளிம்பில் கம்பி வெளியே தெரிவதைப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயரில் பாதிக்கு மேல் பட்டன் மிச்சம் இருந்தது. ஓடியது வெறும் 11,000 கிலோமீட்டர். அதற்குள் மூன்று முறை அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களை மெஷினில் அளந்து சரிசெய்யும் வேலை, பார்த்திருந்தேன். மூன்று முறையும் கையில் கொடுத்த பிரிண்டில் எல்லாக் கட்டமும் பச்சை.

இந்தக் கார் என்னிடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு பேர் உட்காரும் வண்டி, இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரங்களில். சஸ்பென்ஷன் முன்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கைகள்), பின்பக்கம் மல்டிலிங்க் (பல தனித்தனித் தண்டுகள்). 52,000 கிலோமீட்டரில் கை மாறி வந்தது, இப்போது 90,000. இந்த இடைவெளியில் இன்ஜின் ஒரு நாளும் தொந்தரவு கொடுக்கவில்லை. என் நேரத்தைத் தின்றது முழுக்கச் சக்கரக் கோணங்கள்தான்.

வாங்கிய முதல் வாரமே ஸ்டீயரிங் நேராக இல்லை. வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கும். பார்த்த இடத்தில் முன் சக்கரங்களின் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து ஸ்டீயரிங்கை நேராக்கிக் கொடுத்தார்கள். சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடி அதே கோணல். அது தவறான சிகிச்சை என்பது பிறகுதான் புரிந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அந்தத் திசையில்தான் வண்டி போக விரும்பும். அதை த்ரஸ்ட் கோணம் என்பார்கள். பின்பக்கம் கோணலாக இருக்கும்போது அதற்கு ஈடுகட்ட நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிக்கிறோம். முன் டோவை மாற்றினால் ஸ்டீயரிங் நேராகிவிடும், ஆனால் வண்டி தன் உடம்பைச் சாய்த்துக்கொண்டே ஓடும். பின்பக்கத்தைத் தொடாமல் முன்பக்கத்தை மட்டும் பார்க்கும் அலைன்மென்ட்டை இந்த மாதிரி வண்டிக்கு நான் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, மூன்றாவது முறை நான்கு சக்கரமும் பார்த்தார்கள். எண்கள் எல்லாம் பச்சை. ஆனாலும் சமமான சாலையில் கையைத் தளர்த்தினால் இடப்பக்கம் மெதுவாக ஒதுங்கியது.

அந்தப் பச்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் எண் விழுந்தால் திரை பச்சையாகும், அவ்வளவுதான். வரம்பின் மேல் நுனியில் ஒரு பக்கமும் கீழ் நுனியில் மறுபக்கமும் இருந்தால்கூட இரண்டு கட்டமும் பச்சைதான். வண்டி உணர்வது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை. காஸ்டர் என்பது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். அது எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி ஒதுங்கும். கேம்பர் என்பது, முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்முனை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். அது எந்தப் பக்கம் அதிக பாசிட்டிவோ அந்தப் பக்கம் இழுக்கும். அதனால் இப்போது பிரிண்ட் கைக்கு வந்ததும் நிறத்தைப் பார்ப்பதில்லை, இடது எண்ணையும் வலது எண்ணையும் கழித்துப் பார்க்கிறேன்.

டயரையும் சந்தேகப்பட்டோம். டயர் தயாராகும்போதே லேசாகக் கூம்பு வடிவம் வந்துவிட்டால் அதுவே வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். சோதிப்பது சுலபம்: முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்ட வேண்டும். இழுப்பு மறுபக்கம் திரும்பினால் குற்றவாளி டயர். ஒரே திசையில்தான் சுழல வேண்டிய டயராக இருந்தால், இந்தச் சோதனைக்காக மட்டும் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டினால் போதும். என் வண்டியில் இழுப்பு இடம் மாறவில்லை. பிரேக் எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் நான்கு சக்கரங்களின் சூட்டைப் பார்த்து உறுதி செய்தோம்.

அந்த நிலையில்தான் பின் டயர் கம்பி தெரியும் வரை தேய்ந்தது. கேட்டவர்களெல்லாம் கேம்பரைக் குற்றம் சொன்னார்கள். முந்தைய உரிமையாளர் வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தார், அதனால் நெகட்டிவ் கேம்பர் கூடித்தான் இருந்தது. ஆனால் கேம்பர் தனியாக ஒரு டயரை இவ்வளவு சீக்கிரம் தின்னாது. தேய்ப்பது டோ. எங்கே தேய வேண்டும் என்று காட்டிக்கொடுப்பதுதான் கேம்பரின் வேலை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டிகிரி என்பது 60 நிமிடம். ஒரு சக்கரம் தான் போகும் திசையிலிருந்து 10 நிமிடம் விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது பக்கவாட்டில் கிட்டத்தட்ட 2.9 மீட்டர் இழுபடுகிறது. 20 நிமிடம் என்றால் 5.8 மீட்டர். ரப்பரைத் தார்ச்சாலையில் உரசிக்கொண்டே போவது போலத்தான். உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவினால் இது தெரிந்துவிடும். ஒரு திசையில் வழவழப்பாக இருக்கும், எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி தடுக்கும். கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்கு வெகு முன்பே கை சொல்லிவிடும். மாதம் ஒரு முறை நான்கு டயரையும் தடவிப் பார்க்கிறேன். எந்தக் கருவிக்கும் முன் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரிஜினல் உயரத்துக்குக் கொண்டுவந்து, நான்காவது அலைன்மென்ட். கேம்பர் அழகாக வந்துவிட்டது, இழுப்பு போகவில்லை. ஐந்தாவது முறை வேறு இடம், வேறு மெஷின். அதே பச்சை.

உண்மையான துப்பு என் கையிலேயே இருந்திருக்கிறது, நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. இழுப்பு எல்லா நேரமும் ஒரே மாதிரி இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் போகும். காலை எடுத்தால் வலப்பக்கம் ஒரு சின்ன உதறல். பெரும்பாலும் கால் ஆக்சிலரேட்டரில் இருப்பதால் எனக்கு இடப்பக்க இழுப்பு மட்டுமே மனதில் பதிந்திருந்தது. இதை ஒரு வயதான மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் பிரிண்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, அலைன்மென்ட் அப்புறம். முதலில் எங்கே ஆட்டம் இருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

வண்டியைத் தூக்கி, பின் இடது சக்கரத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் லீவர் போட்டு நெம்பினார். டோ லிங்க் என்பது பின் சக்கரத்தின் டோவைப் பிடித்து வைக்கும் தண்டு. அதன் உள்முனையில் இணைப்புக்கு மெத்தை மாதிரி இருக்கும் புஷ்ஷில் ரப்பர் இரும்புக் குழாயிலிருந்து முக்கால் வட்டம் கிழிந்து பிரிந்திருந்தது. நெம்பினால் விரல் நுழையும் இடைவெளி, விட்டால் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றேன். மெஷின் பொய் சொல்லவில்லை. நின்ற வண்டியை அளந்தது, நின்ற நிலையில் கோணம் சரியாகத்தான் இருந்தது. வேகம் கூட்டும்போது அந்தச் சக்கரம் உள்நோக்கித் திரும்பி வாலை வலப்பக்கம் தள்ளியது, மூக்கு இடப்பக்கம் போனது. காலை எடுத்தால் நேரெதிர். ஓடும்போது மட்டும் இருக்கும் கோளாறை நிற்கும்போது எத்தனை முறை அளந்தாலும் கிடைக்காது.

வேலை சுலபமாக முடியவில்லை. பின்பக்கக் கோணத்தை மாற்றும் கேம் போல்ட் இரண்டும் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தன. நட்டைத் தளர்த்தினாலும் போல்ட் திரும்பாது. அப்படியானால் முந்தைய ஐந்து முறையும் பின்பக்கத்தை யாரும் உண்மையில் நகர்த்தவே இல்லை, எண் தற்செயலாக வரம்புக்குள் இருந்ததால் பச்சை வந்திருக்கிறது. ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார். பின்பக்க புஷ்கள் அனைத்தையும் இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு விறைப்பில் இருக்கும்.

அவர் கண்டிப்பாக இருந்த ஒரு விஷயம்: புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் முறுக்கிலேயே இருக்கும். உயரம் மாறும், ரப்பர் சீக்கிரம் கிழியும். ஒருவேளை குட்டை ஸ்பிரிங் போட்ட காலத்தில் யாரோ இப்படி இறுக்கியதுதான் என் புஷ்ஷைக் கிழித்தது என்று நினைக்கிறேன். இந்த முறை எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகே, அளவான விசையில் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்தார்.

300 கிலோமீட்டர் ஓட்டி எல்லாம் படிந்த பிறகு கடைசி அலைன்மென்ட். பாதி டேங்க் பெட்ரோல், டயர்களில் சரியான காற்று, ஓட்டுநர் சீட்டில் என் எடைக்குச் சமமான மூட்டைகள். முதலில் பின் கேம்பர், பின் டோ. அப்புறம் முன் காஸ்டர், கேம்பர், எல்லாவற்றுக்கும் கடைசியில் முன் டோ. கேம்பரைத் தொட்டால் டோ கூடவே மாறும், அதனால்தான் இந்த வரிசை. முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதை விட்டுவிட்டால் நேராகப் போகும்போதே வண்டி திரும்புவதாக, சறுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அன்று திரும்பி வரும்போது நீண்ட நேரான சாலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினேன். ஸ்டீயரிங்கில் விரல் நுனி மட்டும். கோடு போட்டது போல ஓடியது. இரண்டரை வருடமாக இந்த வண்டியை நான் சரியாக ஓட்டியதே இல்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகு 19,000 கிலோமீட்டர். பின் டயர்களில் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் அரை மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசமில்லை.

நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கி முன் டை ராட் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) வளைந்தது. அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடிந்தது. வண்டியின் இருபுறமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளப்பேன். என் ரிம்மில் அந்த இரு விளிம்புக்கும் இடையே 450 மி.மீ. அங்கே 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய 7.6 நிமிடம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இதைச் செய்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. முன் வலது காஸ்டர் இடதைவிட 20 நிமிடம் குறைவாக இருக்கிறது, நெடுந்தூரம் போனால் வலப்பக்கம் மிக லேசாக ஒதுங்குகிறது. முன் சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) தன் இடத்திலிருந்து சற்றே நகர்ந்திருக்கலாம். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பக்க விஷ்போன் புஷ்களில் லீவர் போட்டு நெம்பிப் பார்க்கப் போகிறேன்.