புறக்கோட்டையில் கரண்ட் சென்ஸ் ட்ரான்ஸ்போமர் வாங்கப் போகிறவர்களுக்கு

கொட்டாஞ்சேனையில் சார்ஜர், யூபிஎஸ் திருத்துகிற ஆள் நான். போன மாதம் மோசம் போன கதை இது. இதே தொழிலில் இருப்பவர்கள் வாசித்துவிட்டு முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போங்கள்.

வத்தளையில் இருந்து ஒருவர் 48 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒன்றைக் கொண்டுவந்தார். கீழே விழுந்ததில், போர்டின் மேலேயே ஈயம் பிடித்து உட்காருகிற அந்தச் சின்ன கரண்ட் சென்ஸ் ட்ரான்ஸ்போமரின் (எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளந்து சொல்கிற சாமான்) ஃபெரைட் கோர், அதாவது நடுவில் இருக்கிற காந்தக் கட்டை, வெடித்திருந்தது. ஒரு பக்கம் ஒரே சுற்று, தடித்த செம்புப் பட்டை. மறுபக்கம் மயிர் போன்ற கம்பியில் 100 சுற்று. இங்கே 10 ஆம்பியர் ஓடினால் அங்கே 0.1 ஆம்பியர், அதை 10 ஓம் ரெசிஸ்டரில் விட்டால் 1 வோல்ட். யூசி3845 என்கிற கன்ட்ரோலர் சிப் அந்த 1 வோல்ட்டைக் கண்டதும், கரண்டைத் திறந்து மூடுகிற மொஸ்ஃபெட்டை நிறுத்தும். சார்ஜருக்கு இருக்கிற காவல் அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். அவருக்கோ அவசரம். சரி என்று கடைக்குப் போனேன்.

"1:100 இருக்கா அண்ணன்?"

"இருக்கு தம்பி, ஒரிஜினல்."

கண்ணாடிப் பெட்டியில் இருந்து 4 எடுத்துப் பொலித்தீன் பையில் போட்டார். ஒன்று 1,200 ரூபாய். புதுச் சாமான் சுருள் நாடாவில் வரிசையாக அடுக்கி வரும். உதிரியாகக் கிடந்ததைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீற்றரை வைத்து 'பீப்' என்று கேட்க வைத்தார். நானும் தலையாட்டினேன். கம்பி அறவில்லை என்பதைத் தவிர அந்த பீப்புக்கு வேறு அர்த்தமே இல்லை. எத்தனை சுற்று என்று அது சொல்லாது.

போர்டில் போட்டேன். லோட் இல்லாமல் அழகாக ஓடியது. பேட்டரியைக் கொடுத்ததும் டப்! இரண்டு மொஸ்ஃபெட்டும் போய்விட்டன. என் கைப்பிழைதான் என்று நினைத்து, புதிதாக இரண்டு போட்டேன். மறுபடியும் டப். (முதல் தடவையே நின்று யோசிக்காதது என் மடத்தனம், அதைக் கடைக்காரர் தலையில் கட்ட மாட்டேன்.)

பிறகுதான் நண்பரிடம் இருந்து, சுருளின் இன்டக்டன்ஸை அளக்கிற எல்சிஆர் மீற்றரை வாங்கி வந்து, மிச்சம் இருந்த ஒன்றை அளந்தேன். டேட்டாஷீட்டில் 1:100க்கு 2 மில்லிஹென்றி. மீற்றர் காட்டியது 8. சுற்று இரண்டு மடங்கானால் இன்டக்டன்ஸ் நான்கு மடங்கு, அதாவது உள்ளே இருப்பது 200 சுற்று. 20 ஆம்பியர் போனால்தான் கன்ட்ரோலருக்கு அந்த 1 வோல்ட் கிடைக்கும். அதற்குள் மொஸ்ஃபெட் எங்கே உயிரோடு இருக்கப் போகிறது?

தின்னர் தோய்த்த பஞ்சால் மேல்பக்கத்தைத் துடைத்தேன். வெள்ளை '100' பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் மங்கலாக '200'. கால்களைத் திருப்பிப் பார்த்தால் பழைய ஈயம், ஓரத்தில் கருகின ஃப்ளக்ஸ். ஏதோ பழைய போர்டில் இருந்து கழற்றி, எழுத்தை மாற்றி விற்றிருக்கிறார்கள்.

திரும்பிப் போனேன். "ஈயம் பட்ட சாமானை எடுக்க ஏலாது தம்பி." மிச்சம் மூன்றில் நான் ஈயமே வைக்கவில்லையே என்றேன். "எங்களுக்கு வந்தபடிதான் விற்கிறோம்." முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் என்னிடம் உள்ள பற்றுச்சீட்டில் 'சாமான் 4' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கினால் '1:100, புதியது' என்று எழுதி வாங்குங்கள்.

எல்சிஆர் இல்லாதவர்கள் சிக்னல் ஜெனரேட்டரில் 100 கிலோஹேர்ட்ஸ், 5 வோல்ட் எடுத்து, சுற்றுக் கூடின பக்கத்தில் கொடுங்கள். ஒற்றைச் சுற்றில் ஒசிலோஸ்கோப்பை வைத்தால் 1:100க்கு 50 மில்லிவோல்ட் வரும். 25 வந்தால் என் கதைதான். வீட்டு லைன் கரண்ட்டை அளக்க இதைக் கேட்கிறவர்களும் உண்டு. 50 ஹேர்ட்ஸுக்கு இந்தக் குட்டிக் கோர் தாங்காது, காசை வீணாக்காதீர்கள்.

இரண்டாம் முறை போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். இன்னும் ஒரு கைப்பிடி கிடந்தது. எல்லாவற்றிலும் அதே வெள்ளை '100', கொஞ்சம் சரிவாக.