வில்சன் 'தி டியூக்': பெட்டியில் வருவது பாதிப் பந்துதான்

என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நெருங்கினால் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பந்தை வீசி அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் என்பவன் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஆடுகிறவன்தான் என்பது ஒரு கட்சி. எல்லாம் சரிதான், பந்து எந்தப் பக்கம் துள்ளுகிறதோ அந்தப் பக்கம் கோப்பை என்பது மறு கட்சி. 2023 பிப்ரவரி 12 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த ஆட்டம் இரு கட்சிக்கும் சாட்சி சொன்னது. கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ், மூன்று வாரத்துக்கு முன் சுளுக்கிய கணுக்காலோடு இறங்கினார். முதல் பாதி முடியும் முன் அதே காலில் மறுபடியும் வலி. கடைசி நேரத்தில் அந்தக் காலை வைத்துக்கொண்டே 26 கெஜம் ஓடினார். எதிரே ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ் தானே ஓடி மூன்று டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவது) போட்டார். ஆனால் இரண்டாவது கால்பகுதியில் எவரும் தொடாமலேயே அவர் கையிலிருந்து பந்து நழுவியது. துள்ளிய பந்தை நிக் போல்டன் அள்ளிக்கொண்டு 36 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். முடிவு 38-35. மூன்று புள்ளியில் தோற்ற அணி, ஒரு நழுவலில் ஏழு புள்ளியைத் தாரை வார்த்திருந்தது.

அந்த நழுவலை நெஞ்சுரக் கணக்கில் எழுதுவதா, ஜாதகக் கணக்கில் எழுதுவதா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்ளட்டும். கையிலிருந்து நழுவிய பொருளைப் பற்றித்தான் இந்த விமர்சனம்: வில்சன் நிறுவனத்தின் 'தி டியூக்'. என்எஃப்எல் ஆட்டங்களில் வீசப்படும் அதே பந்து கடையிலும் கிடைக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் அந்த வாதத்தில் பாதி வேறு மாதிரித் தெரியும்.

1941 முதல் என்எஃப்எல் பந்து வில்சனுடையதுதான். 'டியூக்' என்பது நியூயார்க் ஜயண்ட்ஸ் உரிமையாளர் வெலிங்டன் மாராவின் செல்லப்பெயர். இடையில் கைவிடப்பட்டிருந்த அந்தப் பெயர், 2005இல் அவர் இறந்த பிறகு 2006இல் மறுபடியும் பந்தில் ஏறியது. ஒஹாயோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் தைக்கிறார்கள். தோல் சிகாகோவின் ஹோர்வீன் பதனிடும் ஆலையிலிருந்து வருகிறது. பன்றித்தோல் என்று இன்றும் பேச்சுவழக்கில் சொன்னாலும் இது சுத்தமான மாட்டுத்தோல். நான்கு துண்டுகளை உள்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, நீராவியில் இளக்கி, திறப்பு வழியாகப் புரட்டி எடுத்து, பிளாடர் என்ற காற்றுப்பையை நுழைத்து, கையால் லேஸ் கட்டுகிறார்கள். விதிப்படி நீளம் 11 முதல் 11.25 அங்குலம், எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 முதல் 425 கிராம். இடுப்புச் சுற்றளவு 21 முதல் 21.25 அங்குலம்.

வாங்கும்போதே பலர் ஏமாறுகிறார்கள். 'டியூக்' என்ற பெயர் தாங்கிய எல்லாமே ஆட்டப் பந்து இல்லை. செயற்கைத்தோலில் செய்த நகல் பந்துக்கும் அதே பெயர், அதே எழுத்து, அதே என்எஃப்எல் கேடயச் சின்னம். விலைதான் காட்டிக்கொடுக்கும். அசல் தோல்பந்து நூறு டாலருக்கு மேல். நகல் அதில் சிறு பங்கு. பெட்டியில் டபிள்யூடிஎஃப்1100 என்ற எண்ணைத் தேடுங்கள், 'தோல்' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இறுதி ஆட்டத்தின் பெயரும் இரு அணிகளின் பெயரும் பொறித்த பந்துகளிலும் இதே இரு வகை உண்டு. அந்தப் பொறிப்புப் பந்து அசல் தோலாகவே இருந்தாலும் வீசி விளையாட வாங்காதீர்கள். கீழே சொல்லும் தேய்ப்பில் எழுத்தெல்லாம் அழிந்துவிடும், தேய்க்காமல் விட்டால் பிடி கிடைக்காது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவேண்டிய பொருள்.

இனி முக்கியமான குறை. பெட்டியைத் திறந்து எடுத்த டியூக் வழுக்கும். நன்றாகவே வழுக்கும். ஆலையில் தோலின் மேல் படிந்த மெழுகுப் பூச்சும் பளபளப்பும் விரலுக்கு எதிரி. கிரிக்கெட்டில் பந்தைப் பளபளப்பாக்கத் தேய்ப்பார்கள். இங்கே பளபளப்பைப் போக்கத் தேய்க்க வேண்டும். நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளை உடனே பயன்படுத்த முடியாதது எரிச்சல்தான். ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் பலர் இந்த இடத்தில் நின்றுபோனவர்கள்.

தொழில்முறை அணிகளும் இந்தப் பந்தை அப்படியே வீசுவதில்லை. 2006 முதல் ஒவ்வொரு அணியும் தன் குவார்ட்டர்பேக்குக்குப் பிடித்த மாதிரி தயார்செய்த பந்துகளையே தாக்குதலுக்குப் பயன்படுத்தலாம். குவார்ட்டர்பேக்குகள் பேட்டன் மேனிங்கும் டாம் பிரேடியும் முன்னின்று கேட்டு வாங்கிய சலுகை அது. ஈலை மேனிங்கின் பந்துகளைப் பக்குவப்படுத்த ஜயண்ட்ஸ் ஊழியர்கள் மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். அதற்கு முன்பு, 2003 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலுக்குப் பந்துகளைத் தேய்த்து வைக்கச் சிலருக்கு 7,500 டாலர் கொடுத்ததாக வென்ற அணியின் குவார்ட்டர்பேக் பிராட் ஜான்சனே பின்னாளில் சொன்னார். தேய்த்த பந்து மட்டும் வெற்றி தந்துவிடாது என்பதற்கும் அதே ஆட்டம் சாட்சி: அதே பந்துகளை வீசிய எதிரணியின் ரிச் கேனன் அன்று ஐந்து பந்துகளைப் பறிகொடுத்தார்.

வீட்டில் செய்வது எப்படி? தேவையானவை: விறைப்பான குதிரைமுடி பிரஷ், தோலுக்கான கண்டிஷனர், டேக் பார் எனப்படும் பிசின்மெழுகுக் கட்டி, இரண்டு பழைய துண்டு. வில்சனே இவற்றைத் தொகுப்பாக விற்கிறது.

முதலில் பந்தை 13 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) வரை நிரப்புங்கள். தளர்ந்த தோலில் பிரஷ் சரியாக ஏறாது. துண்டை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, பந்து முழுவதையும் துடையுங்கள். தோல் சற்றுக் கருத்தால் போதும். உடனே பிரஷை எடுத்து ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு நிமிடம், நீளவாக்கில், வேகமாகத் தேயுங்கள். கை வலிக்க வேண்டும், தோல் சூடாக வேண்டும். அந்தச் சூடுதான் மெழுகுப் பூச்சைக் கிளப்புகிறது. பிறகு கண்டிஷனரைத் துண்டின் நுனியில் தொட்டு, மிக மெல்லிதாகப் பூசி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மறுபடி பிரஷால் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் டேக் கட்டியை உரசி, மீண்டும் பிரஷால் உள்ளே ஏற்றுங்கள். சூடில்லாத தோலில் உரசினால் கட்டி மேலேயே படிந்து அழுக்குத் திரையாக உரியும். நாளுக்கு ஒரு சுற்று வீதம் மூன்று நான்கு சுற்று முடிந்ததும் செம்பழுப்பு மங்கி, அடர்ந்த காப்பி நிறம் வரும். விரலை வைத்து இழுத்தால் லேசாகப் பிடித்து நிறுத்தும். மீதியைக் கை வியர்வையும் மைதான மண்ணும் செய்து முடிக்கும்.

லேஸையும் விட்டுவிடாதீர்கள். புது லேஸ் தோலைவிட மோசமாக வழுக்கும். விரல் நுனி பதிவது அங்கேதான் என்பதால் அதன் ஓரங்களிலும் பிரஷ் ஓட வேண்டும்.

கெடுப்பது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவசரக்காரர்கள் அதிகம். மணல்தாள் போட்டால் தோலின் மேலுள்ள சிறுசிறு புள்ளிமேடுகள் மழுங்கும். பிடியே அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது, போனால் திரும்பாது. வாளித் தண்ணீரில் முக்கினால் தோல் நீர் குடித்து ஊதி, எடை கூடி, வடிவம் கோணும். ஈரம் காய ஹீட்டர் பக்கம் வைத்தாலோ ஹேர் டிரையர் பிடித்தாலோ தோல் விறைத்து வெடிக்கும். கண்டிஷனரைத் தாராளமாக ஊற்றினால் எண்ணெய் வைத்த தலை மாதிரி ஆகிவிடும், மீட்க ஒரு வாரம் பிடிக்கும். உலர்ந்த ஊசியை வால்வில் குத்தாதீர்கள். ஒரு துளி கிளிசரினோ தண்ணீரோ தடவிக் குத்தினால் வால்வு கிழியாது. ஆறே மாதத்தில் காற்று நிற்காமல் போகும் பந்துகளில் இந்த ஊசிக் கோளாறு சகஜம்.

காற்றழுத்தம் தனிக்கதை. விதி 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ. 2015 ஜனவரி 18 அன்று நியூ இங்கிலாந்து, இண்டியானாபொலிஸ் அணியை 45-7 என்று தோற்கடித்த ஆட்டத்தில், வென்றவர்களின் பந்துகளில் அழுத்தம் குறைவு என்று கிளம்பிய சர்ச்சை, அந்த அணியின் குவார்ட்டர்பேக் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடையில் முடிந்தது. யார் செய்தார், செய்தாரா என்பதை விடுங்கள். நீங்கள் வாங்கும் பந்துக்கு அதில் இரண்டு பாடம் உண்டு. வெப்பம் இறங்கினால் அழுத்தம் இறங்கும்: 21 டிகிரி அறையில் 12.5 பிஎஸ்ஐ நிரப்பிய பந்தை 9 டிகிரிக் குளிருக்குக் கொண்டுபோனால், யார் கையும் படாமலேயே ஏறத்தாழ 11.4க்கு வரும். ஆகவே எங்கே விளையாடப் போகிறீர்களோ அங்கே அரைமணி நேரம் வைத்துவிட்டு அளந்து நிரப்புங்கள். இரண்டாவது, அன்று நடுவர்களிடமிருந்த இரண்டு கேஜ்களுமே (அழுத்தமானிகளுமே) ஒத்துப்போகவில்லை, 0.3 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் காட்டின. எந்தக் கேஜ் சரி என்று மல்லுக்கட்டாமல் ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்துங்கள். சிறிய கைக்கு 12.5, பெரிய கைக்கு 13.5. பிரேடி முதல் ரகம். ஏரன் ராட்ஜர்ஸ் பந்து கல் மாதிரி இருக்க வேண்டும் என்பவர்.

பக்குவப்படுத்திய டியூக்கை வீசும்போதுதான் கொடுத்த காசு தெரியும். லேஸில் விரல் பதிந்து வெளியேறும் பந்து தன் அச்சில் நேராகச் சுழன்று போகும். செயற்கைத்தோல் நகலில் அதே கை அதே வேகத்தில் வீசினாலும் நுனி தள்ளாடும். குறிப்பாகக் குளிரில் நகல் பந்து பிளாஸ்டிக் மாதிரி விறைக்கிறது, தோல் அவ்வளவாக விறைப்பதில்லை. மழையில் இரண்டுமே மோசம். தோல் கூடுதல் மோசம், ஏனென்றால் அது நீரைக் குடிக்கும்.

எவ்வளவு தேய்த்தாலும் மாறாதது வடிவம். கையில் இருக்கும்வரை பேச்சுக்கேட்கும் பந்து, தரையில் விழுந்ததும் யார் பேச்சையும் கேட்காது. நுனி பட்டால் ஒரு பக்கம், வயிறு பட்டால் இன்னொரு பக்கம். ஒரு பருவத்தில் நழுவிய பந்துகளை அதிகம் மீட்ட அணி அடுத்த பருவத்திலும் மீட்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புள்ளிவிவரக்காரர்கள் அதைக் காசு சுண்டிப் பார்ப்பதாகவே கொள்கிறார்கள். கையிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்வது திறமை, நழுவிய பிறகு எங்கே துள்ளும் என்பது அதிர்ஷ்டம். 2008 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஈலை மேனிங் இழுபறியிலிருந்து பிய்த்துக்கொண்டு வீசிய பந்தை டேவிட் டைரி தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்து 32 கெஜம் சம்பாதித்ததில் இரண்டும் கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் தேய்த்த சொரசொரப்பான தோல் கவசத்தில் வழுக்காமல் நின்றதைச் சேர்த்தால் மூன்று.

தேய்க்காத பந்து என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. உதைப்பதற்கென்று தனிப் பந்து என்ற விதி 1999இல் வந்தது. அணிகள் முன்கூட்டிப் பக்குவப்படுத்திவிடாதபடி அவை அப்போது புதிதாகவே வந்தன. 2007 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும்) ஆட்டத்தில், 19 கெஜ உதைக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய டல்லஸ் குவார்ட்டர்பேக் டோனி ரோமோ அதை நழுவவிட்டார். ஒரு புள்ளியில் தோல்வி. 'நெருக்கடியில் கை நடுங்குகிறவர்' என்ற முத்திரை ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்து எடுத்த டியூக்கை ஒருமுறை பிடித்துப் பார்த்தவர்கள் அந்த முத்திரையைக் குத்த யோசிப்பார்கள்.

உறுதிக் கட்சிக்கும் ஒரு வார்த்தை. 2008 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் குவார்ட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸ் அரையிறுதி ஆடினார், தோற்றார், வீரன் ஆனார். 2011 ஜனவரியில் முழங்கால் காயத்தோடு வெளியேறிய ஜே கட்லர், தோற்று, கோழை ஆனார். இரண்டிலும் சிக்கல் ஒன்றே: காலை உறுதியாக ஊன்ற முடியாதபோது வேகம் முழுவதும் தோளிலும் விரலிலும் இருந்து வரவேண்டும். அப்போது பந்து கையில் ஒட்டாவிட்டால் எந்த நெஞ்சுரமும் உதவாது.

யாருக்கு இந்தப் பந்து வேண்டாம்? பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். வில்சனிலேயே பீவீ, ஜூனியர், யூத் என்று சிறிய அளவுகள் உண்டு. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையை விரித்து அளந்து பாருங்கள். ஜோ பரோவுக்கு 9 அங்குலம். குவார்ட்டர்பேக்குக்கு அது சிறிய கை என்று 2020இல் பேச்சு எழுந்தது. அதற்கும் கீழே என்றால் முழு அளவு டியூக்கில் உங்கள் விரல் லேஸைச் சரியாக எட்டாமல் போகலாம். தேய்க்கப் பொறுமை இல்லாத பெரியவர்களுக்கு அதே நிறுவனத்தின் ஜிஎஸ்டி பந்து மேல். பெயரைப் பார்த்து வரி என்று பயப்பட வேண்டாம். பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கான தோல்பந்து அது. பெட்டியிலிருந்து எடுத்ததுமே கையில் ஒட்டும். இரு முனையிலும் வெள்ளைப் பட்டை இருக்கும், டியூக்கில் இருக்காது.

விளையாடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, அறை வெப்பத்தில் காய வைத்து, பிறகே பையில் போடுங்கள். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் அழுத்தத்தை இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்து வையுங்கள், தையலுக்கு ஓய்வு. காரின் டிக்கியில் விட்டுவிட்டு மறந்தால் கோடையில் அழுத்தம் எகிறும், ஏற்றிய பிசின் உருகி லேஸ் ஓட்டைகளில் தேங்கும், முதல் சுற்றிலிருந்து மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும்.