கிளாஸ்டோஜோவா, காஹூட்டா, கான் அகாடமியா? ஸ்கின்னரின் அளவுகோலில் மூன்று செயலிகள்

1953இல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், தம் மகளின் நான்காம் வகுப்பில் கணக்குப் பாடம் நடப்பதைப் போய்ப் பார்த்தார். இரண்டு குறைகள் அவரை உறுத்தின. போட்ட கணக்கு சரியா தவறா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. முந்துகிறவரும் பிந்துகிறவரும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருந்தது. இவற்றைப் போக்கத்தான் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். வலுவூட்டலை, அதாவது சரியாகச் செய்ததற்கு உடனே பலன் தந்து பழக்கத்தை நிலைநிறுத்துவதை, நம்பும் இன்றைய செயலிகளை எடைபோடவும் இந்த இரண்டே எனக்குப் போதும்.

வகுப்பை அடக்க ஆசிரியர்கள் முதலில் நாடுவது கிளாஸ்டோஜோ. கைபேசியைத் தட்டினால் திரையில் மாணவரைக் குறிக்கும் குட்டிப் பூதப் படத்துக்குப் புள்ளி ஏறும். விரும்பினால் குறைக்கவும் செய்யலாம். பெற்றோரும் பார்க்கலாம். வரிசையில் நிற்பது, கையுயர்த்திப் பேசுவது போன்ற பழக்கங்களைத் தொடங்கிவைக்க இது உதவும். ஆனால் புள்ளி விழுவது ஆசிரியரின் கண்ணில் பட்டதற்கு மட்டுமே. நாற்பது பேர் உள்ள வகுப்பில் கண்ணில் படுகிறவர்கள் யார்? படுசுட்டிகளும் படுகுறும்பர்களும். நடு பெஞ்சில் ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாரம் முழுக்க ஒன்றும் கிடைக்காது. எல்லோர் முன்னும் திரையில் புள்ளியைக் குறைப்பது தண்டனைதான். தண்டனையால் கற்பிப்பதை ஸ்கின்னர் கடைசிவரை எதிர்த்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே கிளாஸ்டோஜோவைப் பயன்படுத்துவதானால் புள்ளி குறைப்பதைத் தொடவே வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்யும் வேலைக்குப் புள்ளி அறிவிக்கவும் வேண்டாம்.

நார்வேயில் பிறந்த காஹூட்டில் வகுப்பே திருவிழாவாகிவிடும். திரையில் கேள்வி, கையில் நான்கு வண்ணக் கட்டங்கள், சரியான விடையை விரைந்து தட்டினால் கூடுதல் புள்ளி. சிக்கல் அந்த ‘விரைந்து’ என்பதில்தான். விடை தெரிந்தும் நிதானமாக யோசிக்கிற பிள்ளை பட்டியலில் கீழே போகிறது. தட்டி முடித்தவரும் மற்றவர்கள் முடிக்கும்வரை அல்லது நேரம் தீரும்வரை காத்திருந்தால்தான் சரியா தவறா என்று தெரியும். ஸ்கின்னர் கண்ட இரண்டு குறைகளும் இசையோடு திரும்பிவந்துவிட்டன! நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை அவருக்கும் முந்தியது. 1920களில் அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி உருவாக்கிய இயந்திரம் அப்படித்தான், சரியான விடைகளுக்கு மிட்டாய் தரும் இணைப்புகூட அதற்கு இருந்தது. தவறான விடைகளை மாணவர் கண்ணில் காட்டுவதே கெடுதல், விடையைத் தானே எழுத வேண்டும் என்பது ஸ்கின்னரின் கட்சி. பாடம் முடிந்தபின் மீள்பார்வைக்குக் காஹூட் போதும், அதுவும் நேரத்தைத் தாராளமாக வைத்து.

இலவச இணையக் கல்வித் தளமான கான் அகாடமியின் பயிற்சிகளில் ஆரவாரமே இல்லை. என் தேர்வு அதுதான். பல கணக்குகளில் விடையைத் தானே தட்டச்சு செய்ய வேண்டும். சரியா தவறா என்பது உடனே தெரியும். தடுமாறினால் படிப்படியாகக் குறிப்பு வரும். பக்கத்துப் பிள்ளை எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லை. குறையும் இருக்கிறது. மாணவர் அநேகமாகத் தவறவே முடியாதபடி படிகளைச் சிறிதாக வெட்டியவர் ஸ்கின்னர். இங்கே படிகள் சில இடங்களில் உயரம். தொடர்ந்து மூன்று தவறு வந்தால் பிள்ளை சோர்ந்துவிடும், அப்போது ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும். தவிர, ஆளுக்கொரு கருவி வேண்டும்.

அந்த வசதி இல்லாத பள்ளிக்கு இம்மூன்றையும்விட பிளிக்கர்ஸ் என்ற செயலி பொருந்தும். மாணவர் கையில் அச்சிட்ட அட்டை, ஆசிரியரிடம் அவற்றைக் கேமராவால் படிக்கும் ஒரே கைபேசி. அட்டையைத் திருப்பிப் பிடிக்கும் திசைதான் விடை. இங்கும் நான்கில் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே வேகம்தான். ஆனால் வேகத்துக்குப் புள்ளி கிடையாது, நடு பெஞ்சின் விடையும் ஆசிரியரிடம் வந்து சேர்ந்துவிடும்.