ஸ்பானியப் பேச்சுச் சொற்களும் ஆறாண்டு அகராதிப் பழக்கமும்

மெக்சிகோ நகரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆறு ஆண்டுகளாக, ஸ்பானிய அரச அகாதெமியின் இணைய அகராதியை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். 1713இல் தொடங்கப்பட்ட அந்த அகாதெமி, 2014இல் வெளிவந்த 23ஆம் பதிப்பைத் தொடர்ந்து திருத்திக் கட்டணமின்றி வழங்குகிறது. அதற்கு முன்பு, ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பிக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் ஓராண்டு படித்திருந்தேன். இலக்கணம் அதில் நன்றாகவே வந்தது. எந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பதில்தான் இடறினேன்.

உடன் பணிபுரிந்தவர் தம் தாயார் இறந்துவிட்டதாகச் சொன்னபோது, நான் "பெர்தோன்" என்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டார். "சாரி" என்ற சொல்லுக்குச் செயலி தந்திருந்த இரண்டு சொற்களில் தவறானதை எடுத்துவிட்டிருந்தேன். அன்றிரவு அகராதியைப் பார்த்தபோது, பெர்தோன் என்பது செய்த பிழையைப் பொறுத்தருளக் கேட்பது என்பதும், "லோ சியெந்தோ" என்பது வருத்தத்தை உணர்வதைச் சொல்வது என்பதும் விளங்கின. தமிழில் "மன்னியுங்கள்" என்பதையும் "வருந்துகிறேன்" என்பதையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. இடையில் ஆங்கிலத்தை நிறுத்தியதால், என் மொழியிலேயே இருந்த வேறுபாட்டை நான் தொலைத்திருந்தேன்.

அதன் பிறகு அகராதியின் ஸ்பானிய விளக்கத்தைப் படித்து, குறிப்பேட்டில் நேரே தமிழில் எழுதிக்கொள்ளும் பழக்கம் வந்தது. "தூ", "உஸ்தெத்" இரண்டும் நீ, நீங்கள் என அமர்ந்தன. தாயும் தோழியும் "தே கியெரோ" என்று சொல்வதைப் பாசமாகவும், அதைவிட ஆழமான "தே ஆமோ" என்பதைப் பெரும்பாலும் காதலர்க்குரியதாகவும் பிரித்துக்கொண்டேன். எல்லைக்கோடு எப்போதும் அவ்வளவு நேராக இருப்பதில்லை என்றாலும், தொடக்கத்திற்கு அது போதும்.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்களில்தான் அகராதி எனக்கு மிகவும் உதவியது. பொருளுக்கு முன்பாக எந்த நாட்டு வழக்கு என்பதற்கான சுருக்கக் குறி இருக்கும்; அதைத் தாண்டிச் செல்லாமல் படிப்பது அவசியம். ஸ்பெயினில் பேருந்தைப் "பிடிப்பதற்கு" இயல்பாக வழங்கும் "கொஹேர்" என்ற வினை, மெக்சிகோவில் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். இங்கே "தொமார்" என்றே சொல்ல வேண்டும். "கமியோன்" ஸ்பெயினில் லாரி, மெக்சிகோவில் பேருந்து. "அஓரீத்தா" என்ற சொல்லுக்கு, ஸ்பானியம் பேசும் நாடுகளின் மொழி அகாதெமிகள் கூட்டாக 2010இல் வெளியிட்ட, அமெரிக்கக் கண்ட நாடுகளின் ஸ்பானிய வழக்குகளுக்கான சொல்லகராதியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மெக்சிகோவில் அது இந்த நொடியாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் நீளலாம். போர்ட்டோ ரிக்கோவில் "பிறகு" என்றே பொருள்படும். குழாய் பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் "அஓரீத்தா" என்றதை நம்பி நான் ஒரு பிற்பகல் முழுவதும் வாசலில் காத்திருந்தேன். "இதோ வந்துவிட்டேன்" என்பதை எப்படிக் கேட்டுக்கொள்வோமோ, அப்படியே அதையும் கேட்டிருக்க வேண்டும்.

அகராதியின் குறை, உரையாடலின் மறுபாதியை அது பெரும்பாலும் காட்டாததே. சிறு உணவகங்களில் மேசையை விட்டு எழுபவர் "கொன் பெர்மீசோ" என்று விடைபெறுவார்; அமர்ந்திருப்பவர் "புரோப்பியோ" என்பார். அகராதியில் புரோப்பியோ என்று தேடினால் முதலில் "சொந்தமான", "உரிய" என்னும் பொருள்களே வருகின்றன. அது இங்கே ஒரு மறுமொழி என்பதை எதிரில் அமர்ந்து உண்ட ஒரு முதியவரிடம்தான் கேட்டறிந்தேன். வெளியேறும்போது முன்பின் அறியாதவர்களுக்கும் "புரோவேச்சோ" என்று, அதாவது நன்றாக உண்ணுங்கள் என்று, சொல்லிச் செல்ல வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். இத்தகைய சொற்களுக்காக என் குறிப்பேட்டில் தனிப் பக்கங்கள் வைத்திருக்கிறேன். சொல், அதற்கான மறுமொழி, சொன்னவர் நின்ற இடம் என மூன்றையும் அங்கே எழுதுகிறேன்.