ரோலண்ட் டிஆர்-8எஸ்: ஹவுஸும் ட்ராப்பும் எங்கே பிரிகின்றன?

ஹவுஸுக்கும் டெக்னோவுக்கும், ட்ராப்புக்கும் ரெகேடோனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் 'ஃபீல் வேற' என்றுதான் பலர் சொல்வார்கள். அந்த ஃபீலில் பெரும்பகுதி மூன்று விஷயங்களில் அடங்கிவிடும்: டெம்போ (வேகம்) எவ்வளவு, ஸ்னேர் (சுரீரென்ற ட்ரம்) எங்கே விழுகிறது, கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) எவ்வளவு நேரம் நீள்கிறது. மூன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் ட்ரம் மெஷின் என்பதுதான் 2018-இல் வந்த டிஆர்-8எஸ்ஸின் பலம். புதிதாகப் பல பெட்டிகள் வந்துவிட்டாலும் நடன இசையும் ஹிப்-ஹாப்பும் எப்படிக் கட்டப்பட்டன என்று புரிந்துகொள்ள இதை மிஞ்சுவது கடினம்.

மொத்தம் 11 டிராக். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபேடர், அதற்கு மேலே ட்யூன் (சுருதி), டிகே (ஒலி அடங்க எடுக்கும் நேரம்), கண்ட்ரோல் என்று மூன்று திருகு. கீழே 16 ஸ்டெப் பொத்தான்; நான்கு ஸ்டெப் சேர்ந்தது ஓர் அடி, கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தப் பொத்தான்களின் எண்கள். ரோலண்டின் பழைய 808, 909, 606, 707, 727 பெட்டிகளின் ஒலிகள் உள்ளே இருக்கின்றன. நமக்கு வேண்டிய சாம்பிளை எஸ்டி கார்டு வழியாக ஏற்றிக்கொள்ளலாம். 808, 909 ஒலிகள் இதில் டிஜிட்டல் மாடலிங்தான், அதாவது பழைய சர்க்யூட்டைக் கணக்கால் போலச் செய்வது. அசல் அனலாக் சர்க்யூட்தான் வேண்டும் என்பவர்களுக்கு பெரிங்கர் ஆர்டி-8 உண்டு. ஆனால் அது 808 ஒன்றை மட்டுமே தரும், யுஎஸ்பி வழியாக ஆடியோவும் அனுப்பாது.

1980-இல் வந்த அசல் 808-இன் விலை 1,195 டாலர். அதே ஆண்டு வந்த லின் எல்எம்-1 சுமார் 5,000 டாலர். லின்னில் பதிவு செய்த நிஜ ட்ரம் ஒலி இருந்தது. 808-இல் எல்லாமே சர்க்யூட் பிறப்பிக்கும் ஒலி. ட்ரம் மாதிரியே இல்லை என்று வாசிப்பவர்கள் முகம் சுளித்தார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றது. பிறகு செகண்ட்ஹேண்டில் விலை விழுந்தது. ஸ்டுடியோவுக்கும் ட்ரம்மருக்கும் காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். ஒரு தலைமுறையின் இசை அந்த விலைச் சரிவிலிருந்து கிளம்பியது.

முதலில் ஹவுஸ். சிகாகோவில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு ஓட்டிய 'வேர்ஹவுஸ்' கிளப்பின் பெயரிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது என்பார்கள். டிஸ்கோவின் நேரடி வாரிசு என்பதால் அடித்தளம் நான்கு அடி: கிக் 1, 5, 9, 13. கிளாப் 5, 13. ஓபன் ஹை-ஹேட் 3, 7, 11, 15. டெம்போ நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி (பிபிஎம்) வரை. 909 கிட்டை (ஒலிகளின் தொகுப்பை) எடுத்து இதைப் போட்டால் அரை நிமிடத்தில் ஹவுஸ் வந்துவிடும்.

வந்தது சேறாகக் கேட்டால் காரணம் பெரும்பாலும் டிகே. 125 பிபிஎம்மில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 480 மில்லிசெகண்ட்தான். கிக் அதற்குள் அடங்காவிட்டால் ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறிவிடும். நடுவில் பேஸ் லைனுக்கு இடமே இருக்காது. கிக் டிராக்கின் டிகேயை முழுதும் குறைத்துவிட்டு, மெல்ல ஏற்றிக்கொண்டே வந்து, அடிகளுக்கு நடுவே வெற்றிடம் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பிறகு ஷஃபிளைக் கொஞ்சம் ஏற்றினால் இரட்டைப்படை ஸ்டெப்புகள் லேசாகப் பின்தங்கும். ஆட வைப்பது அந்தத் தாமதம். அளவு மீறினால் நொண்டும்.

டெட்ராய்ட் டெக்னோவுக்கும் இதே நான்கு அடிதான். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் சோல் பாடகர்களின் இடத்தில் இயந்திரத்தையே முன்னால் நிறுத்தினார்கள். கிளாப்பைக் குறைத்து, டெம்போவை 130 பக்கம் ஏற்றி, ஷஃபிளைப் பூஜ்யமாக்கினால் அந்தத் திசை தெரியும்.

எலெக்ட்ரோ வேறு கணக்கு. 1982-இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பிராங்க்ஸ் ஹிப்-ஹாப்பையும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் 808-இல் ஒட்டவைத்தது. ஸ்னேர் 5, 13-இல் அசையாமல் நிற்க, கிக் 1, 7, 11 என்று தாவும். இந்த இடத்தில் கௌபெல்லைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு சதுர அலைகளைக் கலந்து செய்த ஒலி அது, எந்த மாட்டு மணியும் அப்படி ஒலிக்காது. போலியாக இருப்பதே அதன் அழகு.

இந்திய இணைப்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே 1982-இல் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 808, 303, ஜுபிடர்-8 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். கேட்டால் 303-இன் நெளியும் பேஸை வைத்து எழுந்த ஆசிட் ஹவுஸ் போலவே இருக்கும்; ஆனால் சிகாகோவின் அந்த வகை இசைத்தட்டு 1987-இல்தான் வந்தது. இங்கே அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் காதைத் தீட்டியது.

டிஆர்-8எஸ் அதிகம் சோதிக்கப்படுவது ட்ராப்பில்தான். அட்லாண்டாவில் வளர்ந்த இந்த வகையில் கிக்கே பேஸ் கிட்டாரின் வேலையையும் பார்க்கும். டெம்போ 140 என்று வையுங்கள். ஸ்னேர் 9-இல் மட்டும்; அதனால் பாட்டு 70-இல் நடப்பது போலக் கேட்கும். கிக் 1, 7, 11. க்ளோஸ்டு ஹை-ஹேட் எல்லா ஒற்றைப்படை ஸ்டெப்பிலும். அதில் ஓரிரு ஸ்டெப்பை மட்டும் சப்-ஸ்டெப் வைத்து மூன்றாகவோ நான்காகவோ பிரித்தால் அந்த 'ட்ரர்ர்' உருளல் கிடைக்கும். எல்லா ஸ்டெப்பிலும் போட்டால் தையல் மெஷின்தான்.

கிக்கின் டிகேயை இப்போது தாராளமாக ஏற்றலாம். 11-க்கு அடுத்த கிக் மறுசுற்றின் 1-இல்தான். 140-இல் அந்த இடைவெளி 640 மில்லிசெகண்ட்டுக்கு மேல். அசல் 808-இன் கிக்கில் லெவல், டோன், டிகே மட்டும்தான் இருந்தன. சுருதி மாற்றத் திருகு கிடையாது. டிஆர்-8எஸ்ஸில் ட்யூன் இருக்கிறது, மோஷன் ரெக்கார்டிங்கில் ஸ்டெப்புக்கு ஸ்டெப் அதை மாற்றியும் பதியலாம். கிக்கைப் பாட்டின் சுருதிக்குச் சேர்க்காமல் விட்டால் பாடகர் சரியாகப் பாடினாலும் ஏதோ பிசிறடிக்கும். குற்றவாளி கிக் என்று சட்டென்று யாருக்கும் தோன்றாது. சுருதி பார்க்க ஓர் எளிய வழி: ட்யூனைத் தற்காலிகமாக மேலே ஏற்றி, காதுக்குத் தெளிவாகக் கேட்கும் உயரத்தில் சேர்த்துவிட்டு, அதே ஸ்வரம் கீழே வரும் வரை இறக்குங்கள். லேப்டாப் ஸ்பீக்கரை மட்டும் நம்ப வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒலியை அது தரவே தராது. கேட்கவில்லையே என்று ஃபேடரை ஏற்றிக்கொண்டே போவீர்கள், நல்ல ஸ்பீக்கரில் போட்டதும் கிக் மட்டும்தான் இருக்கும்.

ரெகேடோனுக்கு 95 போதும். ஜமைக்காவின் டான்ஸ்ஹாலில் தொடங்கி, பனாமா வழியாக புவேர்த்தோ ரிக்கோவில் காலூன்றிய தாளம் அது. கிக் நான்கு அடியும் நேராக. ஸ்னேர் 4, 7, 12, 15. 1, 9-இல் விழும் கிக்கையும் ஸ்னேரோடு சேர்த்து எண்ணினால் 3-3-2 கணக்கு கையில் பிடிபடும்.

நம்மூர்க் குத்துக்கு 16 ஸ்டெப் ஒத்துவராது. ஒரு ஸ்டெப்பின் நீளத்தைத் தீர்மானிக்கும் ஸ்கேலை எட்டாம் ட்ரிப்ளெட்டுக்கு மாற்றி, கடைசி ஸ்டெப்பை 12 என்று வைத்தால் அடிக்கு மூன்றாகப் பிரியும். பறை, தவில் சாம்பிளை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஸ்டெப் பொத்தான்களுக்கு அழுத்தம் தெரியாது. ஒரு ஸ்டெப்பை வலுவாகவோ மெலிதாகவோ குறித்து வைக்கலாம், அவ்வளவுதான். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலிக்கும் பேட் பெட்டியில் ஒன்றே ஒன்று. தவில்காரர் கையில் வரும் நூறு விதமான அடிக்கு வெளியிலிருந்து மிடி பேட் இணைத்தாலொழிய வழியில்லை.

குறைகளும் உண்டு. புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது சேமிப்பதில். பேட்டர்ன் (தாளம்) வேறு, கிட் (ஒலிகள்) வேறு. தாளத்தை மட்டும் ரைட் செய்துவிட்டு (சேமித்துவிட்டு) வேறு கிட்டுக்குப் போனால், டிகேயிலும் ட்யூனிலும் செய்த மாற்றம் எல்லாம் போயே போச்சு. திரையில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று பொருள். இரண்டையும் தனித்தனியாக ரைட் செய்யும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும். முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை அடுக்கிவைக்க ஸாங் மோட் இல்லை. ஒரு பேட்டர்னில் எட்டு வேரியேஷன் இருப்பதால் மேடையில் சமாளிக்கலாம். பாட்டை முடித்து வெளியிட கணினிக்குத்தான் போக வேண்டும். யுஎஸ்பி வழியாக டிராக்குகள் தனித்தனியாகப் பதிவாகும் என்பதால் அது பெரிய வலியில்லை. தவிர, மிக்ஸ் அவுட்டோடு ஆறு தனி அவுட் இருக்கின்றன. கிக்கை அதில் ஒன்றில் தனியாக அனுப்பினால் மிக்சரில் ரிவெர்ப் (எதிரொலி) அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மெலடியும் கார்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் க்ரூவ்பாக்ஸ் பார்க்கட்டும்.

பழையது வாங்கினால் 11 ஃபேடரையும் ஒவ்வொன்றாக மேலும் கீழும் நகர்த்தி, ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று கேளுங்கள். யூட்டிலிட்டியில் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். 2-க்குக் கீழே இருந்தால் எஃப்எம் ஒலிகள் (ரேடியோ அல்ல, ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்துச் செய்யும் ஒலிகள்) இருக்காது, ஆனால் அப்டேட் இலவசம். பேட்டரியிலோ யுஎஸ்பி மின்சாரத்திலோ ஓடாது என்பதால் அதன் சொந்த அடாப்டர் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் வேறொன்றைச் செருகுவதானால் வோல்ட்டும் முனையும் பெட்டியின் பின்னால் அச்சிட்டிருப்பதோடு பொருந்த வேண்டும்.