டொராண்டோவா, பார்சிலோனாவா?

பார்ப்பவரின் செயலுக்கு ஏற்பத் திரையில் மாறும் ஊடாடும் படைப்புகளை வடிவமைப்பவர்களும் அவற்றுக்கு நிரல் எழுதுபவர்களும் ஒன்றுகூடும் மாநாட்டுக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். கண்முன் நிற்பவை இரண்டு: 2002-இல் டொராண்டோவில் தொடங்கிய எஃப்.ஐ.டி.சி., 2001-இல் பார்சிலோனாவில் தொடங்கிய ஆஃப். இரண்டுமே, இணையத்தில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் கோலோச்சிய காலத்தில் பிறந்தவை. 2020 இறுதியில் அடோபி அதைக் கைவிட்ட பிறகும் தொடர்வதே பெரிய காரியம்.

ஆஃப் கண்ணுக்கு விருந்து. அசையும் வரைகலை, எழுத்துரு, விளம்பரக் கலை என மேடை நிறையும். பேச்சாளர்களின் பெயர்களைத் தாங்கி வரும் தொடக்கக் காணொளியே தனிப் படைப்பாகப் பேசப்படுகிறது. ஆனால் உள்ளே எது எப்படி இயங்குகிறது என்று பார்க்கத் துடிப்பவருக்கு அது போதாது.

எஃப்.ஐ.டி.சி.யில் தொழில்நுட்பத்துக்கும் சரியான இடம் உண்டு. எனக்கு வேண்டியது அதுதான். திரையில் நொடிக்கு 60 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது 17 மில்லிவிநாடிகூட இல்லை. எந்த அழகை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை வடிவமைப்பவரும் நிரல் எழுதுபவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும். அந்த உரையாடலை நேரில் கேட்க ஆசை.

செலவும் விசா அலைச்சலும் இரண்டுக்கும் உண்டு. வரைபவர் பார்சிலோனாவுக்குப் போகட்டும்; நான் டொராண்டோவுக்கே டிக்கெட் எடுப்பேன்.